ஊர்க்காரியம் பேசுவோம்: தக்கலை டீச்சரின் பதில்கள்

அரசியல், போராட்டம், நம்ம ஊர்ப் பழக்கவழக்கம், போனில் நடக்கிற சண்டை, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். என் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம், முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் நடத்தியவள். கேட்டவர்களில் சிலர் என்னிடம் படித்த பிள்ளைகள், அவர்களை "மக்களே" என்றுதான் கூப்பிட வருகிறது.

கருங்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டீச்சர், எனக்கு அரசியல் பேசவே பிடிக்கவில்லை. ஒதுங்கி இருந்தால் என்ன தப்பு?

தப்பு என்று சொல்ல மாட்டேன் மக்களே. ஆனால் இன்றைக்கு நீ உடுத்திக்கொண்டு போன உடுப்பே பெரிய அரசியலுக்குப் பிறகு கிடைத்தது. நம் கல்குளம், இரணியல் பக்கத்தில் 1822 வாக்கில் ஆரம்பித்து 1859 வரைக்கும் இழுத்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பாய். உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர்கள் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது, அதுதான் மரியாதை என்று அப்போது திருவிதாங்கூரில் விதி. அதை மீறிக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்ட நாடார் பெண்களைச் சந்தையில் வைத்து இழுத்துக் கிழித்தார்கள், வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள்.

கடைசியில் 1859 ஜூலை 26 அன்று அரசு ஆணை வந்தது. அந்த ஆணையில் எழுதியிருந்ததைப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு வருடமும் வாசித்துக் காட்டுவேன். குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதே அதில் ஒரு முழத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், பார். அந்த மிச்ச முழத்தையும் அதற்குப் பிறகு பெண்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். நீ அரசியல் பேச வேண்டாம், ஆனால் அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனி. ஒரு துண்டுத் துணி, கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருள். பெரிய வார்த்தை எதுவும் அவர்களிடம் இல்லை.

கொட்டாரத்திலிருந்து ஒருவர்: எதிர்ப்பு என்றால் கொடி, கோஷம், மறியல்தானா?

உங்களுக்குப் பக்கத்திலேயே சாமித்தோப்பு இருக்கிறதே ஐயா. அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், அது தாழ்த்தப்பட்டவன் கட்டக் கூடாது என்றிருந்த காலம். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முத்திரிக்கிணறு வெட்டினார்கள். கண்ணாடியை வைத்துக் கும்பிடச் சொன்னார், அதில் தெரிவது கும்பிடுகிறவனின் முகம். மன்னர் அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார். தலைப்பாகை, கிணறு, கண்ணாடி, மூன்றிலும் கோஷம் இல்லை. இன்றைக்கும் சாமித்தோப்புப் பதிக்குள் போகிற ஆண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

திங்கள்சந்தையிலிருந்து ஒரு தம்பி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் மதச்சண்டை வீடியோக்களைப் போட்டுத் தள்ளுகிறார்கள். பதில் சொன்னால் மரியாதை இல்லாதவன் என்கிறார்கள். என்ன செய்ய?

இதே கேள்வியைப் பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்லுகிறேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒருநாள் ராத்திரி ஒரு வீடியோ போட்டார். ஒரு கடற்கரை ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நம்ம ஆட்களை அடிக்கிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும், அதற்குப் பிறகு ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்ப விடும். அதாவது அதை எடுத்தவர் யாரென்று அனுப்புகிற யாருக்குமே தெரியாது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா அந்த ஊர்தான். இருபது வருடப் பழக்கம், காலையில் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு டம்ளர் கட்டன்சாயா குடித்துவிட்டுத்தான் போவாள். உடனே அவளுக்குப் போன் போட்டேன். "இங்க ஒண்ணுமில்ல டீச்சர், அவிய திண்ணையில இருந்து வலை பின்னிட்டு இருக்காவ. நாளைக்குச் சாளை கொண்டாரட்டா?" என்றாள். பின்னால் டிவி சத்தமும் பேரப்பிள்ளை அழுகிற சத்தமும் கேட்டது, அவ்வளவுதான்.

குழுவில் நான் உபதேசம் எதுவும் எழுதவில்லை. "அண்ணே, இது எந்தத் தேதி? எடுத்தது யாரு? இப்பதான் அந்த ஊர்ல பேசினேன், அமைதியா இருக்கு" என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் அவரே அழித்துவிட்டு எனக்குப் போன் செய்தார், கொஞ்ச நேரம் பேசினோம், கோபமெல்லாம் இல்லை.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு தம்பி. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் ஆரம்பித்த மதக்கலவரம் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன, வேணுகோபால் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். அன்றைக்குக் கையில் போன் கிடையாது. வாய்ப்பேச்சாகவே "அந்த ஊரில் வெட்டிவிட்டார்களாம்" என்று நடந்தும் சைக்கிளிலும் பரவியதே போதுமானதாக இருந்தது. அப்போது சமாதானம் பேச வந்தவர்களில் குன்றக்குடி அடிகளார் ஒருவர், கடற்கரைக் குடியிருப்புகளுக்கே நேராகப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார். அவர் போன வழியைத்தான் நானும் உங்களுக்குச் சொல்லுகிறேன். "அவர்கள்" என்று ஒரு கூட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தால், அந்தக் கூட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளின் எண்ணைத் தேடிப் பேசுங்கள். அப்படி ஒரு எண்கூட உங்கள் போனில் இல்லையென்றால், அதை முதலில் சரி செய்யுங்கள்.

பெரியவர்களிடம் கேள்வியாகக் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். மாமாவைப் பத்துப் பேர் முன்னால் தோற்கடித்தால் அவர் அந்த வீடியோவை நம்பாமல் இருக்கப் போவதில்லை, உங்களைத்தான் நம்பாமல் போவார்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம்?

அது உங்கள் ஓட்டு.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கட்சித் தொண்டர்: சொந்தக் கட்சி தப்புச் செய்தால் வெளியே சொல்வது துரோகம்தானே? உள்ளே பேச வேண்டியதைப் போஸ்ட் போட்டால் எதிரிக்குத்தானே லாபம்?

உங்கள் ஊரில் நடந்த கதையே இதற்குப் பதில். 1954 ஆகஸ்ட் 11, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் அப்போது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தமிழரும் இல்லை, நம் எல்லைப் பிரச்சினையில் அவருக்குச் சொந்த லாபமும் இல்லை. சுதந்திர நாட்டில் சொந்த மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் கட்சி ஆட்சியையே கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சியும் லோகியா பக்கம் நிற்கவில்லை, கசப்பு முற்றி அவர் வெளியே போய்த் தனிக்கட்சி கண்டார்.

அவர் தோற்றார் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எழுபது வருடத்துக்குப் பிறகும், குண்டு பட்டுச் செத்தவர்களின் ஊரில் அவர் பெயரை மரியாதையோடு சொல்ல ஆள் இருக்கிறது. உள்ளே பேசுங்கள், முதலில் அதுதான் முறை. உயிர் போன விஷயத்தில், உரிமை பறிபோன விஷயத்தில் உள்ளே காது கேட்கவில்லை என்றால் வெளியே பேசத்தான் வேண்டும்.

குளச்சல்காரர், இப்போது துபாயில்: இங்கிருந்து ஹேஷ்டேக் போட்டு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள் தம்பி. 2017 நவம்பர் 30. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், எச்சரிக்கை வரும்போது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். எத்தனை பேர் வரவில்லை என்ற கணக்கே அரசிடம் ஒன்று, ஊரிடம் ஒன்று. அப்போது பங்குத்தந்தைமாரும் இளைஞர்களும் ஊர் ஊராகப் பெயர், போட்டோ, படகு விவரம் என்று பட்டியல் எடுத்தார்கள். உங்களைப்போல வெளிநாட்டில் இருந்தவர்கள் அதைக் கைமாற்றி எங்கெல்லாமோ கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, "எங்கள் ஆட்கள் எங்கே" என்று கேட்க அவர்கள் கையில் அந்தப் பெயர்கள் இருந்தன.

ஹேஷ்டேக் மட்டும் போட்டிருந்தால் மூன்று நாளில் ஓய்ந்திருக்கும், பட்டியல் இருந்ததால் ஓயவில்லை. நீங்கள் அங்கிருந்து செய்ய முடிந்த மிகப்பெரிய வேலை அதுதான், தகவலைச் சரியாக எழுதி வைத்துக்கொள்வது.

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர்: துறைமுகம் வேண்டாம், மணல் ஆலை வேண்டாம் என்று எல்லாவற்றையும் எதிர்த்தால் மாவட்டம் எப்படி முன்னேறும்?

நியாயமான கேள்வி, இதைக் கேட்டவரை யாரும் கரித்துக்கொட்ட வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909-இலேயே ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியருக்குத் தெரிந்துவிட்டது, அப்போது காஸ் விளக்கு மேன்டிலுக்கு அதிலிருந்து தோரியம் எடுத்தார்கள். அந்த ஆலையில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இப்போது கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் அள்ளக் கேட்பது 1144 ஹெக்டேர், கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை வீடும் தென்னையும் கல்லறைத் தோட்டமும் நெருக்கியடித்துக் கிடக்கிற இடம். கதிர்வீச்சு என்ன ஆகும், கடல் எவ்வளவு உள்ளே வரும் என்று அங்கே குடியிருக்கிறவர்கள் கேட்டால் அதற்குப் பெயர் முன்னேற்றத்துக்கு எதிர்ப்பு இல்லை.

என் மனசு அவர்கள் பக்கம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் ஒன்று சொல்லுவேன், பொதுவிசாரணை வைப்பதற்குக் குறைந்தது முப்பது நாளுக்கு முன்னால் அறிவிக்க வேண்டும், திட்ட அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையே சொல்லுகிறது, ஆனால் அணுக்கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுவிசாரணையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. அந்தத் திட்ட அறிக்கையை வாங்கி வாசித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

சென்னையிலிருக்கும் விளவங்கோட்டுப் பெண்: நான் பேசினால் மலையாளி என்று கிண்டல் செய்கிறார்கள்.

நாம் பேச்சில் சொல்லுகிற "பறை" என்றால் "சொல்" என்று பழந்தமிழிலேயே பொருள், அவர்களிடம் அதைப் பறைந்துவிட்டு வா பிள்ளே. அம்மாவிடம் பேசுகிற பேச்சை யாருக்காகவும் மாற்றாதே.

பூதப்பாண்டியிலிருந்து ஒருவர்: வில்லுப்பாட்டெல்லாம் அழிந்துவிட்டதே, நம் பண்பாடு அவ்வளவுதானா?

பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊரிலிருந்து இப்படிச் சோர்ந்து கேட்கலாமா அண்ணாச்சி? கோயில் கொடைவிழா ஒவ்வொன்றிலும் இன்னும் வில்லு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், உட்கார்ந்து கேட்கிற கூட்டம்தான் மெலிந்துவிட்டது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கியவர்தான், சிரிக்க வைத்துக்கொண்டே சாதியையும் குடியையும் கேள்வி கேட்க அவருக்கு அந்த மேடை கற்றுக்கொடுத்திருக்கிறது.

வில்லில் எனக்குப் பிடித்தது பக்கத்தில் இருந்து "ஆமா" போடுகிறவர். புலவர் ஒரு அடி பாடியதும் அவர் "ஆமா" என்பார், சில இடத்தில் "அப்படியா, அது எப்படி?" என்று கேட்டு நிறுத்துவார், அப்போதுதான் கதை கேட்கிறவனுக்கு விளங்கும். இன்றைக்குப் போனில் எல்லாரும் புலவராகிவிட்டோம், குடத்தையும் உடுக்கையையும் சேர்த்து நாமே அடிக்கிறோம். அடுத்த கொடைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வில்லுக்குப் பக்கத்தில், அந்த ஆமா போடுகிறவர் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு அக்கா: பெரிய விஷயமெல்லாம் இருக்கட்டும் டீச்சர். எங்கள் தெருவில் ஓடை உடைந்து ஒன்றரை வருடமாகச் சாக்கடை வீட்டு வாசலில் நிற்கிறது. போட்டோ எடுத்துப் போட்டேன், நானூறு லைக் வந்தது, ஓடை அப்படியே கிடக்கிறது.

அக்கா, கடைசியாக இதை வைத்ததற்குக் காரணம் இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. எங்கள் தெருவிளக்குக்கும் ஒரு அலுவலகத்தில் இதே மாதிரி எட்டு மாதம் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று நடத்தினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு தாள் எழுதிப் பத்து ரூபாய் கட்டணத்தோடு கொடுத்தேன். புகார் வந்த தேதி என்ன, யார் மேசையில் இருக்கிறது, பணம் ஒதுக்கியாயிற்றா, மூன்றே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், இருபத்தாறாம் நாள் பதிலுக்கு முன்னாலேயே விளக்கு எரிந்தது.

நீங்களும் அதை எழுதுங்கள், எழுத்து சரியாக வராவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதலாம். உங்கள் இடம் கிராமப் பஞ்சாயத்தில் வருகிறது என்றால் நவம்பர் 1 அன்று கிராம சபை இருக்கிறது, 1956-இல் நம் நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். தெருவில் உள்ள ஐந்தாறு வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், நேரத்தோடு போய் முன்னால் உட்காருங்கள். ஓடை என்ற வார்த்தை தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.