பழைய கார், சூடேறும் இன்ஜின்: கேள்வி பதில்

இன்ஜின் சூடேறுகிறது என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்றே கேட்டிருக்கிறார்கள். எந்த வேகத்தில், கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து வெப்பமானியின் முள் ஏறுகிறது என்று எழுதியவர்கள் சிலரே. பழுதைக் காட்டிக்கொடுப்பது அந்த விவரம்தான் என்பதால், பதில்களை நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: நெடுஞ்சாலையில் முள் நடுவிலேயே நிற்கிறது, நெரிசலில் நின்றால் சிறிது நேரத்தில் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஓடும்போது முகப்பிலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்ற இடத்தில் அந்த வேலை முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது. ஆகவே முதல் சந்தேகமும் விசிறியின் மேல்தான் விழ வேண்டும்.

மின்விசிறி என்றால், வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான கார்களில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது விசிறி சுழலத் தொடங்கும். சுழலவில்லை என்றால், ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டு, ரேடியேட்டரில் பொருத்தியுள்ள, சூடேறியதும் விசிறியை இயக்கும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். உடனே விசிறி சுழன்றால் பழுது சுவிட்சில் இருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் பேட்டரியிலிருந்து நேரடியாக மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுழல்கிறதே என்று அத்துடன் விட்டுவிடவும் கூடாது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும். யாராவது ஒயரை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தால் தலைகீழாகவும் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி உள்ள கார்களில், ஒரு தாளை முகப்பில் பிடித்தால் அது உள்நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

பெல்ட்டில் சுற்றும் விஸ்கஸ் கிளட்ச் விசிறி (சூடேறும்போது பிடித்துக்கொள்ளும் திரவ இணைப்பு உள்ளது) என்றால், நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றிவிடுங்கள். கையில் தடை தெரிய வேண்டும், விட்டதும் விரைவில் நிற்கவும் வேண்டும். தங்குதடையின்றிப் பல சுற்றுகள் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறு. ஊருக்குள் ஒன்றுமில்லை, வேகமாக ஓட்டினாலும் மேடு ஏறினாலும் முள் ஏறுகிறது.

பதில்: இன்ஜின் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டரால் முடியவில்லை, அல்லது போதிய கூலன்ட் அதற்குள் பாயவில்லை. முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஆண்டுத் தூசியும் பூச்சியும் அங்கே கம்பளி போலப் படிந்திருக்கும். தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய தகடுகள் மடங்காத அளவு விசையில் அடிக்க வேண்டும். வெளியே சுத்தமாக இருந்தால், சூடான நிலையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் பரப்பு முழுவதையும் அளந்து பாருங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கி வெப்பம் படிப்படியாகக் குறைவது இயல்பு. இடையில் ஒரு பகுதி மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டுள்ளன.

அடுத்தது கீழ் ஹோஸ். வாட்டர் பம்ப் உறிஞ்சுவது இதன் வழியாகத்தான். ஹோஸ் நைந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் சுருள்கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருந்தாலோ, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது ஒட்டிப்போய் ஓட்டத்தை அடைத்துவிடும். ஒருவர் இன்ஜினின் வேகத்தைக் கூட்ட, மற்றொருவர் பார்த்தால் தெரிந்துவிடும். இவை எல்லாம் சரி என்றால் பம்பின் உள்ளே சுழன்று கூலன்டைத் தள்ளும் இம்பெல்லர் அரித்திருக்கலாம். கூலன்டோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு: இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருப்பது, கார்பரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலப்பது, பிரேக் பிடித்தபடியே இருப்பது.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார்களே?

பதில்: இந்த ஆலோசனையை நான் ஏற்பதில்லை. இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும்; மேல்வழி திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். அதாவது, குளிரவைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டும். அத்தகைய அமைப்பு இல்லாத இன்ஜின்களில் சூடு உரிய அளவுக்கு ஏறாமல் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாதபடி தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82, 88 என்று அதன் மேல் பொறித்திருக்கும் அளவையொட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுமையாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றால் புதியது வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கூலன்ட் வாரந்தோறும் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

பதில்: சூடான இன்ஜின் மேல் சொட்டுவது தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும், அது விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது பச்சைக் கறையைத்தான் தேட வேண்டும். ஹோஸ் முனைகளையும், பம்பின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். பம்பின் சீல் தேய்ந்ததை அறிவிப்பதற்காகவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. காருக்குள் இனிப்பு வாடையும், முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் இருந்தால், ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

பலரும் மறப்பது ரேடியேட்டர் மூடி. சரிபாதி கூலன்டும் தண்ணீரும் கலந்த கலவை சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும்; ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி அதை 125 டிகிரிக்கு மேல் தள்ளிவிடும். மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருந்தால் கூலன்ட் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். மூடியையும் ரேடியேட்டரையும் பிரஷர் டெஸ்டரில் சோதிக்கச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் ஹெட் காஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு. இரவு முழுவதும் குளிர்ந்த இன்ஜினை மூடி இல்லாமல் கிளப்பினால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல் இறுகுவது, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெண்புகை, ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பிசின் இருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் கார்களில் அது வெறும் ஈரம். உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும்.

கேள்வி: கூலன்டை மாற்றிய நாளிலிருந்து சூடாகிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது.

பதில்: உள்ளே காற்று அடைத்திருக்கிறது. வண்டியின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூ இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்துவிட்டு, மெதுவாக நிரப்புங்கள்.

கேள்வி: வழியில் முள் சிவப்பை எட்டினால் என்ன செய்வது? ஒருமுறை உச்சத்துக்குப் போன முள் சட்டென்று கீழே விழுந்தது.

பதில்: முள் விழுந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணி ஓட்டியவர்கள் பலர். கூலன்ட் வடிந்து சென்சார் அதில் மூழ்காமல் போனால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் குறைவாகக் காட்டக்கூடும். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடியும் அளவுக்கு ஆறிய பிறகே, கனத்த துணியால் பிடித்துத் திறக்கலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். ஆறிய பின் வெறும் தண்ணீர் ஊற்றி வீடு சேரலாம். ஆனால் அதையே நிரந்தரமாக்கினால் உள்ளே துரு பிடிக்கும்.

கேள்வி: கொதிக்கக் கொதிக்கச் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். காஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: அலுமினிய ஹெட் என்றால் அது வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றியதும் நேர்விளிம்புப் பட்டையை நீளவாட்டிலும் குறுக்கும் நெடுக்குமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கப்படும் அளவு பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான், உங்கள் இன்ஜினுக்கான எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். மீறினால் லேத்தில் கொடுத்துச் சமன்செய்த பிறகே புதிய காஸ்கெட். இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியவற்றைப் போட்டு, புத்தகத்தில் காட்டியுள்ள வரிசையில் படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள். ஓட்டை அடைக்கும் பொடியைக் கூலன்டில் கலந்து பார்க்கலாமா என்று கேட்பீர்கள். கசிவை அது அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரை அடைத்துவிடக்கூடும்.