கேமில் ஓடும் நீர்மூழ்கிக்கும் மூச்சு முட்டும்

கேள்வி: ஐயா, இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கியை ஓட்டும் ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு நானும் நண்பர்களும் மாட் (கேமை நாமே மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பு) செய்கிறோம். கேமில் ஆக்சிஜன் ஒரு பட்டையாகக் குறைகிறது. பூஜ்யமானதும் எல்லோரும் செத்துவிடுகிறார்கள். இதை நிஜம்போல் மாற்றுவது எப்படி? நம் பாக் விரிகுடாவைக் களமாகச் சேர்க்கலாமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: தம்பி, முதலில் அந்த ஆக்சிஜன் பட்டையைத் தூக்கிவிடுங்கள். கடற்படை நீர்மூழ்கியில் பாட்டரியோடு வேலை பார்த்தவன் நான். மூடிய கப்பலில் ஆளை முதலில் படுத்துவது, நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு. உங்கள் ஊரில் சங்கு குளிப்பவர்களையும் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களையும் கேட்டுப் பாருங்கள். அடியில் நெஞ்சு முட்டி மேலே வரச் சொல்வது, உடம்பில் சேரும் அந்த வாயுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். அந்தக் காலத்து ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கியில் சுமார் 44 பேர். லேசான வேலையில் ஒருவர் மணிக்கு 25 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், உள்ளே காற்று 400 கன மீட்டர் என்று வையுங்கள். மணிக்குக் கால் சதவீதத்துக்கு மேல் ஏறும். 11 மணி நேரத்தில் 3 சதவீதம். அப்போதும் ஆக்சிஜன் 17 சதவீதத்துக்குக் குறையாது. ஆனால் ஆட்களுக்குத் தலைவலி தொடங்கியிருக்கும், மூச்சு வாங்கும். 5 சதவீதத்தில் புத்தி குழம்பும். 10 சதவீதத்தை நெருங்கினால் நினைவு தப்பும்.

உங்கள் மாட் பிழைப்பதும் படுப்பதும், தலைவலி தொடங்குவதற்கும் நினைவு தப்புவதற்கும் இடைப்பட்ட இந்த நேரத்தில்தான். 3 சதவீதத்தைத் தாண்டியதும் டார்பிடோ ஏற்றும் நேரம் நீளட்டும். ஒலிக்கருவியில் காது வைத்திருப்பவர் தூரத்துக் கப்பலைத் தவறவிடட்டும். கடுமையாக உழைக்கும் ஆள் படுத்திருப்பவரைவிடப் பல மடங்கு வாயு விடுவார். ஆகவே எல்லோரையும் படுக்கையில் போடும் உத்தரவு ஒன்று கட்டாயம் வேண்டும். ஜெர்மன் மாலுமிகள் அப்படித்தான், வாயுவை உறிஞ்சும் ரசாயனக் குப்பி வழியாக மூச்சு விட்டபடி படுத்துக் கிடந்தார்கள்.

ஆள் எண்ணிக்கையையும் நீர் புகுந்த அறைகளையும் கணக்கில் சேருங்கள். 1939 ஜூனில் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கிய பிரிட்டனின் தீட்டிஸ் நீர்மூழ்கியில், வழக்கத்தைவிட மிகக் கூடுதலாக 103 பேர் இருந்தார்கள். முன் அறைகளில் தண்ணீர் புகுந்ததால் இருந்த காற்றும் சுருங்கிவிட்டது. தப்பியவர் நால்வர். மாண்ட 99 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் டை ஆக்சைடு.

அப்புறம், மூழ்கியிருக்கும்போது கப்பலை ஓட்டும் பாட்டரி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் ஆனால் ஒரு பொறி போதும். கடல்நீர் பட்டால் குளோரின் என்ற நச்சு வாயு. இவை தனித்தனி அபாயங்கள், மூச்சுக் கணக்கோடு கலக்காதீர்கள். மேலே வந்து மூடியைத் திறந்து டீசல் எஞ்சினை ஓட்டினால் காற்று சீக்கிரம் மாறிவிடும். கேமில் அந்த நேரத்தை நீட்ட வேண்டாம்.

பாக் விரிகுடா வேண்டாம் தம்பி. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. பெரிஸ்கோப் மட்டும் வெளியே தெரிய மூழ்குவதற்கே, கப்பலின் அடிப்பகுதி 13, 14 மீட்டர் கீழே போக வேண்டும், தரை தட்டிவிடும். உங்கள் கீழக்கரைக்குத் தெற்கே, தீவு வரிசையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளி வையுங்கள், ஆழம் தாராளமாகக் கிடைக்கும். பகல் முழுக்க மேலே மீன்பிடி படகுகள் நிற்கட்டும். இருட்டும்வரை ஆட்டக்காரர் மேலே வர முடியாமல் கிடந்தால், நீங்கள் போட்ட கணக்கு அவருக்கு உறைக்கும்.