படத்தில் இல்லாத கையொப்பம் கடிதத்தில் இருக்கிறது

கேள்வி: எங்கள் வீட்டில் பரம்பரையாக இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் தலைப்பாகை கட்டிய பெரியவர், மற்றதில் மூக்குத்தியோடு அவர் மனைவி. பலகையில் வரைந்து பொன்தகடு ஒட்டியவை. வரைந்தவரின் கையொப்பம் இல்லை. 2009இல் அப்பா அவற்றை யூரியாப் பையில் சுற்றி, புதுக்குடியிருப்பிலிருந்து செட்டிகுளம் முகாம்வரை தோளிலேயே கொண்டுவந்தார். இரண்டு வருடத்துக்கு முன், வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் 12 லட்சம் ரூபாவுக்கு வாங்கினார். அவர் கேட்டபடி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். இப்போது படங்கள் போலி என்கிறார். காசைத் திருப்பித் தராவிட்டால் பொலிஸுக்குப் போவாராம். எங்கள் வீட்டில் கை நனைத்த மனுசன்! இத்தனை காலம் கழித்துக் கேட்க அவருக்கு உரிமை உண்டா? ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர், படங்கள் உண்மையானவை என்று சான்று தரத் தயாராக இருக்கிறார். – முள்ளியவளை வாசகர்

பதில்: நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அப்பா பட்ட பாடு, அந்த மனிதர் சாப்பிட்ட சோறு, அவருடைய தங்கை போனில் பேசிய பேச்சு எல்லாவற்றையும் வாசித்தேன். வழக்குக்கு அவற்றில் ஒன்றும் உதவாது. உதவுவது, அல்லது உங்களைக் கவிழ்ப்பது, நீங்கள் இணைத்திருந்த அந்த அரைப்பக்கக் கடிதம்தான். அதில் எழுதியிருப்பது இது: ‘இவை பண்டாரவன்னியன் காலத்து வன்னிமை ஒருவரும் அவர் மனைவியும். தஞ்சை சரபோஜி மன்னரின் அரண்மனை ஓவியரால் வரையப்பட்டவை என உறுதியளிக்கிறேன்.’ கீழே நீல மையில் உங்கள் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், திகதி.

‘வரைந்ததாக எங்கள் வீட்டில் சொல்வார்கள்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. அது கேள்விப்பட்டதைச் சொன்னது. ‘உறுதியளிக்கிறேன்’ என்ற பிறகு அது விற்பனையின் நிபந்தனை. சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும் இந்தக் கடிதமே அடைத்துவிடுகிறது: எழுத்திலுள்ள உடன்படிக்கைக்கு ஆறு வருடம். இரண்டுதான் போயிருக்கிறது.

படங்களில் கையொப்பம் இல்லையே என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. தஞ்சாவூர்ப் பலகைப் படங்களில் பெரும்பாலானவற்றில் கையொப்பம் கிடையாது. இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் கையொப்பம் இல்லாத படத்தை இன்னாருடையது என்று நிறுவுவது முதுகு முறிக்கிற வேலை. சரபோஜி 1798 முதல் 1832 வரை இருந்தவர். அந்த அரண்மனையிலிருந்து படம் முல்லைத்தீவுக்கு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தது? உங்களிடம் உள்ள தடயம் ஒரு யூரியாப் பை. அது 2009க்கு முன்னால் போகாது. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் முகம் என்று இன்று நாம் பார்க்கும் சிலைகளும் படங்களும் பிற்காலக் கற்பனை, ஆகவே சாயலை ஒப்பிட்டும் தப்ப முடியாது.

வாங்கியவர் தரப்பு அறிக்கை, படத்திலுள்ள அம்மாவின் முத்துமாலையில் டைட்டேனியம் வெள்ளை இருப்பதாகச் சொல்கிறது. அந்த வெள்ளை 1920களை ஒட்டித்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் யாரோ திருத்திப் பூசியதாகவும் இருக்கலாம், அது நல்ல வாதம்தான். அதை நிரூபிக்க நிபுணர் வேண்டும். அவருக்கான செலவு படத்தின் பெறுமதியைத் தின்றுவிடும். சித்திர ஆசிரியரின் சான்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவுக்குள் வர, அவர் அந்தத் துறையில் விசேட தேர்ச்சி உள்ளவர் என்று காட்ட வேண்டும். நல்ல மனிதர் என்பது போதாது.

அப்புறம், உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் விழுவது இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். பழைய குத்துவிளக்கு ஒன்றை விற்றார், தகராறு வந்தது, கோபத்தில் தானே பொலிஸுக்குப் போனார். ‘போலி இல்லை ஐயா, சங்கிலியன் காலத்துச் சாமான், வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் வாங்கினவர்’ என்று வாக்குமூலத்தில் மார்தட்டிச் சொன்னார். அதே வாக்குமூலத்தை வைத்து பி அறிக்கை, அதாவது நீதவானுக்குப் பொலிஸார் கொடுக்கும் அறிக்கை, போட்டார்கள். முறைப்பாட்டுக்காரராகப் போனவர் சந்தேகநபராக வெளியே வந்தார். விளக்கு சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் கிடந்தது. அந்த வழக்குக்கு அவர் எத்தனை தவணை வந்துபோனார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் அதே குழிதான். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது என்று நியாயமாக நம்பக்கூடிய பொருள், தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பண்டாரவன்னியனின் தோல்வியைக் குறிக்கும் கற்சிலைமடுக் கல்லிலுள்ள ஆண்டு 1803. நீங்கள் எழுதிய ‘காலத்து’ என்ற ஒரு சொல் படங்களை அந்தக் கோட்டுக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டது. கடிதம் உண்மை என்று நீங்கள் வென்றால், கனடாவுக்குப் போகப்போகிறது என்று தெரிந்தே தொல்பொருளை விற்றவர். பொய் என்று அவர் வென்றால், தண்டனைச் சட்டக்கோவை 403, வஞ்சித்துப் பணம் பெற்றது. வஞ்சிக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்பீர்கள், நானும் நம்புகிறேன். அதை நீதவானுக்குச் சொல்ல வேண்டிய இடத்துக்கே போகாமலிருப்பது புத்தி.

ஒரு நல்ல காலம், படங்கள் இன்னும் கொழும்பு வெள்ளவத்தையில், வாங்கியவருடைய தங்கை வீட்டில்தான் இருக்கின்றன. விமானம் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆகவே மறைக்காமல் சொல்கிறேன்: காசைக் கொடுத்துப் படங்களை வாங்குங்கள். 12 லட்சத்தில் கூரை போட்டது போக நான்கு மிஞ்சியிருக்கிறது என்கிறீர்கள். அதை முதலில் கொடுத்து, மிச்சத்துக்குத் தவணை கேளுங்கள். அவருக்கும் வழக்கு வசதியில்லை. கனடாவிலிருந்து எத்தனை தரம் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு வந்து நிற்பார்? பொலிஸ் என்று மிரட்டுவதே, வழக்காட அவருக்கு விருப்பமில்லை என்பதற்கு அடையாளம். இணக்கம் எழுத்தில் இருக்கட்டும், ஆனால் ‘போலி’ என்றோ ‘அசல்’ என்றோ ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது. விற்பனையை இருவரும் சம்மதித்து ரத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

அதுவரை வாட்ஸ்அப்பில் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். குரல்பதிவு அனுப்பவே வேண்டாம். ஆசிரியரிடம் சான்று வாங்காதீர்கள். ‘தாத்தா அப்போதே எழுதிவைத்தது’ என்று பழைய தாள் ஒன்றைத் தேடலாமா என்று கேட்டிருந்தீர்களே, அந்த வரியை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசித் தவணையைக் கட்டும்போது படங்களோடு அந்தக் கடிதத்தையும் கையில் வாங்குங்கள். போட்டோக்கொப்பி வேண்டாம். நீல மையில் நீங்கள் கையெழுத்து வைத்த அதே தாள்.