15 வயதுப் பெடியன் ஒருவன் நாளைக்கு என்.எச்.எல். என்ற உச்ச ஐஸ் ஹொக்கி லீக்கில் ஆடுவான் என்று கனடாவில் எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஏதோ செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளை ஐஸ் ஹொக்கி அணிகள் ஏலத்தில் எடுப்பதுபோல எடுக்கின்றனவே, அந்த வயதில் என்னத்தைக் கண்டு எடுக்கிறார்கள், எடுத்தபிறகு என்ன செய்கிறார்கள் என்று. நான் கோச்சும் இல்லை, அணிகளுக்கு ஆள் தேடித் திரிகிற ஸ்கவுட்டும் இல்லை. ரொறன்ரோப் பக்கத்து ஹொக்கி அரங்குகளில் பத்து வருடமாகக் காலை ஆறு மணிக்குக் குளிரில் குந்தியிருந்த ஒரு தகப்பன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

என் கணக்கில் பாதிதான் கணிப்பு. மீதிப் பாதி, எடுத்தவனுக்கே நல்ல கோச்சையும் ஐஸ் நேரத்தையும் அள்ளிக் கொடுத்து அந்தக் கணிப்பை உண்மையாக்கிவிடுவது.

கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 முதல் 20 வயது வரையானவர்களுக்கு இங்கே மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள் உண்டு. ஒன்ராறியோவுக்கு ஓ.எச்.எல்., மேற்கு மாகாணங்களுக்கு டபிள்யூ.எச்.எல்., கியூபெக்குக்கும் அத்திலாந்திக் மாகாணங்களுக்கும் இன்னொன்று. மூன்றும் சேர்ந்து சி.எச்.எல். ஓ.எச்.எல்.லில் 20 அணிகள். அதில் மூன்று அமெரிக்க நகரங்களில். 16 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடுகிற பிள்ளைகளில் இருந்து ஒவ்வொரு வருடமும் 15 சுற்றுகளில் முந்நூறு பேரளவில் தெரிவு செய்வார்கள். மேற்கில் இன்னும் ஒரு வயது முந்தியே. இது ஏலமில்லை, யாரும் விலை கூறுவதில்லை. முறை வைத்து அணிகள் பெயர் சொல்லும், பின்தங்கிய அணிகள் முன்வரிசையில். பிந்திய சுற்றுகளில் பெயர் வந்த பலர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை. ஆனாலும் பெயர் வந்த அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டுவார்கள்.

இதற்கும் முந்தி, 15 வயதிலேயே லீக்குக்குள் விடுகிற ஒரு விதிவிலக்கு உண்டு. 2005இல் ஜோன் டவாரஸுக்காகத் தொடங்கியது. 2012இல் கொனர் மக்டேவிட், 2020இல் மேற்கில் முதல் ஆளாகக் கொனர் பெடார்ட். மூவரும் பிறகு என்.எச்.எல். தெரிவில் முதலாவதாகப் போனவர்கள். இந்தப் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் கண்டுபிடிக்கும் வித்தை கைவந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் 2013இல் அதே விதிவிலக்கைப் பெற்ற ஷோன் டே, 2016 என்.எச்.எல். தெரிவில் 81ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். 2019இல் பெற்ற ஷேன் ரைட் 2022இல் முதலாவதாகப் போவார் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள், நான்காவதாகப் போனார். இடையில் கோவிட் காரணமாக ஓ.எச்.எல். ஒரு முழுப் பருவத்தையே ரத்துச் செய்திருந்தது. அந்த வயதில் ஒரு வருடம் ஆடாமல் இருப்பது சின்ன விசயமில்லை.

சரி, இனி என் வீட்டுக் கதை. என் மகன் பிறந்தது டிசம்பர் 19. இங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். ஒன்பது வயதில் ஒரு டிரிபிள் ஏ அணியின் தெரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிரிபிள் ஏ என்றால் ஊர்மட்ட ஹொக்கியின் உச்சிப்படி. நெஞ்சில் இலக்கம் ஒட்டிய நாற்பது பிள்ளைகள் ஐஸில். என் மகனுக்குப் பக்கத்தில் நின்றவன் அவனைவிட ஒரு தலை உயரம். தகப்பனோடு கதைத்தபோதுதான் தெரிந்தது, அவன் ஜனவரிப் பிள்ளை. பதினொரு மாத வித்தியாசம். ஒன்பது வயதுக்காரனுக்கு அது முழு வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு! மூன்றாம் நாள் கோச் வந்து என் தோளில் தட்டி, "நல்ல பிள்ளை, ஆனால் சின்னவன், அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். அடுத்த வருடமும் அவன் டிசம்பரில்தான் பிறந்திருந்தான்.

இது என் வயிற்றெரிச்சல் மட்டுமில்லை. 1980களில் அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லி குடும்பத்தோடு ஒரு ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போனார். ஆட்ட நிகழ்ச்சித்தாளைப் புரட்டிய மனைவி போலா, வீரர்களின் பிறந்த தேதிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். பார்ன்ஸ்லி வீட்டுக்குப் போய் லீக் லீக்காக எண்ணிப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே கதை. வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கடைசி மாதங்களில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு. 1985இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஹொக்கி உலகம் முழுக்க அதைப் படித்துத் தலையாட்டியது, பிறகு பழையபடியே தெரிவு செய்தது.

காரணம் சிக்கலானதில்லை. ஒன்பது வயதில் பெரியவனை எடுக்கிறார்கள். எடுத்தவனுக்குக் கிழமைக்கு மூன்று நாலு பயிற்சி, நல்ல கோச், கோடை முகாம், பலமான எதிரணி. விடப்பட்டவனுக்கு ஒரு பயிற்சி, ஓர் ஆட்டம். ஐந்து வருடம் கழித்து இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் முதலாமவன் உண்மையாகவே திறமைசாலி. 2013இல் வந்த இன்னோர் ஆய்வு என்.எச்.எல். தெரிவுகளையே எடுத்துப் பார்த்தது: வருடக் கடைசியில் பிறந்தவர்கள், தங்களை எடுத்த இடத்துக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஸ்கவுட் வைத்திருக்கிற அணிகளே பிந்திப் பிறந்தவர்களைக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

அப்படியென்றால் ஸ்கவுட்டுகளுக்குக் கண் இல்லையா? இருக்கிறது. ஒரு நாள் மகனின் பயிற்சி முடிய அரை மணி இருந்தது. கால்விரல் விறைத்துப்போய், பக்கத்து ஐஸில் நடந்த 16 வயதுப் பிரிவு ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். மூலையில் ஆறேழு பேர் தனித்தனியாக, ஒருவரோடொருவர் கதைக்காமல், கையில் கோப்பியோடும் கசங்கிய தாளோடும் நின்றார்கள். பெற்றோரிடம் இருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி. அவர்களில் வயதான ஒருவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார், "நீ எதைப் பார்க்கிறாய்?" பக்கைத்தான் (ஹொக்கியில் அடிக்கிற ரப்பர் வட்டு) என்றேன். சிரித்தார். "அதை எல்லோரும் பார்க்கிறார்கள். நீ அந்த 14ஆம் இலக்கக்காரனை மட்டும் பார்."

பார்த்தேன். ஹொக்கியில் ஒரு முறைக்கு முக்கால் நிமிடமளவில்தான் ஐஸில் நிற்பார்கள், பிறகு மாறிவிடுவார்கள். அந்த முக்கால் நிமிடத்தில் 14 பக்கைத் தொட்டதே ஒரு தடவை. ஆனால் பக் தன்னிடம் வருவதற்கு முன்பே வலத் தோளுக்கு மேலால் ஒரு தரம், இடத் தோளுக்கு மேலால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டான். அதனால் வந்ததுமே நிற்காமல் தட்டி அனுப்ப முடிந்தது. அதே அணியில் பெரிய உடம்புக்காரன் ஒருவன் பக்கை வாங்கியபிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்; அதற்குள் எதிரணிக்காரன் மேலே விழுந்துவிட்டான். "வேகத்தைக் கூட்டலாம், பலத்தை ஏற்றலாம், ஷொட்டைத் திருத்தலாம். இந்தத் திரும்பிப் பார்ப்பதை 16 வயதுக்குப் பிறகு பழக்குவது பெரும்பாடு" என்றார் கிழவர். பக்கைப் பறிகொடுத்தபின் ஒருவன் திரும்பி ஓடுகிறானா அல்லது நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, மாறி வந்து பெஞ்சில் இருக்கும்போது கோச்சின் வாயைப் பார்க்கிறானா மேலே தகப்பனைப் பார்க்கிறானா என்பதையும் அவர் தாளில் குறித்தார். அன்றையில் இருந்து நான் மகனுக்கு மேலே இருந்து கை காட்டுவதை நிறுத்தினேன்.

இந்தக் கண்தான் சில நேரம் பெரும் பரிசு வெல்லும். என்.எச்.எல்.லின் டெட்ரோயிட் அணியின் ஐரோப்பிய ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் வேறொரு வீரரைப் பார்க்கத்தான் ரஷ்யா போனார். எதிரில் ஆடிய பாவெல் டட்சுக் என்ற மெலிந்த பெடியன் கண்ணில் பட்டான். 1998இல் 171ஆவதாக எடுத்தார்கள். இரண்டு ஸ்டான்லி கிண்ணம் (என்.எச்.எல்.லின் வெற்றிக் கிண்ணம்), இப்போது புகழ் மண்டபத்திலும் பெயர்.

அளவுநாடாவை நம்பினால் எப்படியிருக்கும் என்பதற்கு சாம் பென்னெட்டைச் சொல்லலாம். 2014இல் கிங்ஸ்டன் ஜூனியர் அணியில் இருந்து வந்தவர். என்.எச்.எல். உடற்தகுதிச் சோதனையில் கம்பியில் தொங்கி ஒரு தடவைகூட உடம்பை மேலே இழுக்க முடியவில்லை. நாடு முழுக்கச் சிரித்தது. நல்ல காலம், கல்கரி சிரித்துவிட்டு விட்டுவிடவில்லை, நான்காவதாக எடுத்தது. அங்கே பெரிதாகச் சோபிக்கவில்லை என்பதும் உண்மை. பிறகு புளோரிடாவுக்குப் போய், 2025இல் ஸ்டான்லி கிண்ணச் சுற்றின் சிறந்த வீரர் விருதான கொன் ஸ்மைத்தை வாங்கினார்.

இனி வளர்ப்பு. தெரிவான 16 வயதுப் பிள்ளை பெரும்பாலும் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போகிறான். அங்கே ‘பில்லட்’ என்று ஒரு குடும்பம் அவனை வைத்துச் சோறு போடும். அணி மாதாமாதம் சிறு தொகை கொடுக்கும். என்னோடு வேலை செய்கிற ஒரு பெண் இரண்டு வருடம் அப்படி ஒருவனை வைத்திருந்தார். வந்த முதல் கிழமையே வீட்டுக் கணக்கு தலைகீழ் என்றார். நாலு லீற்றர் பால் பை மூன்று நாளில் காலி. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ஐஸ், பிறகு எடைப்பயிற்சி, வெள்ளி இரவு ஆட்டம், இரண்டு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவான். பருவத்துக்கு 68 ஆட்டம். ஒக்டோபரில் ஒரு நாள் அவன் குசினியில் நின்று அழுததாகச் சொன்னார். ஊரில் அவன்தான் ராசா. இங்கே நாலாவது வரிசையில் ஆட்டத்துக்கு ஏழெட்டு நிமிடம்.

என் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய பிழை இங்கேதான். 16 வயதுக்காரனைப் பெஞ்சில் இருத்தி 20 வயதுக்காரர்கள் ஆடுவதைப் பார்க்கவைப்பது வளர்ப்பில்லை. சிலருக்குக் கீழ்மட்ட லீக்கில் ஆட்டத்துக்கு இருபது நிமிடம் ஆடுவதுதான் நல்லது. ஆனால் அதைச் சொன்னால் தகப்பன்மார் கோபிப்பார்கள். பெரிய லீக்கின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளை ஊருக்கு வரவேண்டும்.

ஒரு நல்ல விசயத்தையும் சொல்லவேண்டும். ஓ.எச்.எல்.லில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் கிடைக்கும். அதோடு, முன்பு சி.எச்.எல்.லில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் கதவு அடைபட்டுவிடும். 2025 ஓகஸ்டில் இருந்து அந்தத் தடை இல்லை. உடனேயே கவின் மக்கென்னா என்ற இளம் வீரர் டபிள்யூ.எச்.எல்.லின் மெடிசின் ஹாட் அணியை விட்டு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 16 வயதிலேயே ஏதாவது ஒரு வழியில் கையெழுத்துப் போட்டாகவேண்டும் என்ற நெருக்கடி குறைந்திருக்கிறது. பிந்தி வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

பிந்தி வளர்வது என்றதும் நம்மவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரேயைச் சேர்ந்த பஞ்சாபிப் பெடியன் அர்ஷ்தீப் பெயின்ஸ். எந்த என்.எச்.எல். அணியும் தெரிவில் எடுக்கவில்லை. ரெட் டியர் அணியில் கடைசி வருடம்வரை நின்று, 2021–22இல் டபிள்யூ.எச்.எல்.லில் அதிக புள்ளி எடுத்தார். வான்கூவர் அழைத்தது. 2024 பெப்ரவரியில் என்.எச்.எல்.லில் இறங்கினார்.

என் மகனுக்கு 15 வயதில் உயரம் வந்தது, இப்போது என்னைக் குனிந்து பார்க்கிறான். டிரிபிள் ஏ ஆடவேயில்லை. பள்ளிக்கூட அணியில் ஆடுகிறான், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவராகப் போய்க் காசு சேர்க்கிறான். அவனை ஒன்பது வயதில் விட்டுவிட்ட அந்த அணியில் இருந்து ஒருவன் மட்டும் ஓ.எச்.எல். தெரிவில் பிந்திய சுற்றொன்றில் எடுக்கப்பட்டான். அந்த ஜனவரிக்காரன் இல்லை, வேறொருவன். மகன்தான் போனில் பட்டியலைக் காட்டினான். இவனையா எடுத்தார்கள், அப்போது சின்னப் பெடியனாக இருந்தானே என்று கேட்டேன்.

"ஓம், ஆனா அவன் அப்பவே திரும்பித் திரும்பிப் பாக்கிறவன் அப்பா" என்றான்.