வாசகர் கேள்வி: படுவான்கரை வயலில் ரொக்கெட் ஏவலாமா?

கேள்வி: நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். வெளிநாட்டு ஆர்வலர்கள் தாமே செய்த ரொக்கெட்டுகளை ஒரு கிலோமீற்றர் உயரம் வரை ஏவுவதைக் காணொளிகளில் பார்த்து, நானும் நண்பர்கள் இருவரும் ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள ஒன்றை வரைந்து வைத்திருக்கிறோம். உடலுக்கு பிவிசி குழாய் போதும் என்றும் எரிபொருளை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். அறுவடை முடிந்தபின், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயலொன்றில் இதை ஏவலாமா?
(உயர்தர மாணவர், களுவாஞ்சிக்குடி)

பதில்: தம்பி, வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், எரிபொருள் தயாரிக்கும் எண்ணத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் பார்த்த பொழுதுபோக்குத் தோன்றியதே வீட்டில் எரிபொருள் கலந்த இளைஞர்கள் கையையும் கண்ணையும் இழந்த காரணத்தால்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் பாதுகாப்பான சிறு மோட்டர் (எரிபொருள் அடைத்த உந்துகுழாய்) ஒன்றை உருவாக்கி, அந்த விபத்துகளைப் பற்றி எழுதிவந்த ஜி. ஹாரி ஸ்டைன் என்ற பொறியியலாளருக்கு அனுப்பிவைத்தார். 1957இல் அங்கே தேசிய ரொக்கெட் சங்கம் உருவானது. தொடக்கநிலையில் இருப்பவர் எரிபொருளைத் தொடாமல், தொழிற்சாலையில் செய்து சோதிக்கப்பட்ட மோட்டரை வாங்கிப் பொருத்த வேண்டும் என்பதே அன்றிலிருந்து அந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை விதியாக இருக்கிறது.

அந்த மோட்டர்களை அவை தரும் மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிவரும் அளவைக் கொண்டு வகுக்கிறார்கள். ‘ஏ’ வகையின் உச்சவரம்பு 2.5 நியூற்றன் செக்கன். ஒவ்வோர் எழுத்துக்கும் அது இரட்டிப்பாகி ‘ஜி’ வகையில் 160ஐ எட்டுகிறது. அதற்கு மேலே ‘எச்’ முதல் வருபவையே உயர்வலு மோட்டர்கள். 200 நியூற்றன் செக்கன் தரும் ஒரு மோட்டரை உங்கள் ஒன்றரைக் கிலோகிராம் ரொக்கெட்டில் பொருத்தினால் என்ன நடக்கும் என்று கணத்தாக்கை உந்த மாற்றத்துக்குச் சமப்படுத்திப் பாருங்கள்: செக்கனுக்கு 133 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீற்றர். காற்றுத் தடைக்கும் புவியீர்ப்புக்கும் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், எஞ்சுவது ஒருவரைக் கொல்லப் போதுமான வேகம். இதனால்தான் அங்கே 18 வயது நிரம்பிய ஒருவர், தகுதிபெற்ற உறுப்பினர் முன்னிலையில் ரொக்கெட்டை ஏவிச் சேதமின்றி மீட்டுக் காட்டிய பிறகே உயர்வலு மோட்டரைத் தாமாக வாங்க முடிகிறது. பிவிசி குழாயும் வேண்டாம். உள்ளே அமுக்கம் எகிறினால் அது கூரிய துண்டுகளாகச் சிதறும். கடதாசிக் குழாய், மரம், கண்ணாடிநார் போன்ற இலேசான பொருட்களையே அவர்கள் உடலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்படி வெடிபொருளைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாடசாலைச் செயற்றிட்டம் என்பது அதற்கு விலக்கு ஆகாது. சட்டத்தில் எழுதாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில், போர்க்காலத்தில் வானத்தில் எழும் சீறலைக் கேட்டதும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடிய தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். படுவான்கரைக் கிராமமொன்றில் முன்னறிவிப்பில்லாமல் அந்தச் சத்தத்தை மீண்டும் எழுப்பும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருவோம். ஏறும் உயரத்தையே எல்லோரும் கணக்கிடுகிறார்கள். இறங்கும் இடத்தைக் கணக்கிடுபவர் குறைவு. ரொக்கெட் 600 மீற்றர் உயரத்தில் பரசூட்டை விரித்துச் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் இறங்கினால் தரையைத் தொட 100 செக்கன் ஆகும். காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசினால் அதற்குள் அது அரைக் கிலோமீற்றர் இழுத்துச் செல்லப்பட்டிருக்கும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் காலத்தில், கரையோர வயலில் நின்று ஏவியது வாவிக்குள்தான் விழும். இந்தக் கணக்குகளையெல்லாம் ‘ஓப்பன்ரொக்கெட்’ என்ற இலவச மென்பொருளில் செய்து பார்க்கலாம். பின்லாந்து மாணவர் ஒருவரின் 2009ஆம் ஆண்டு முதுமாணி ஆய்வாக உருவானது அது. உங்கள் வரைபடத்தை அதிலே ஏற்றி, காற்றை மாற்றி மாற்றிப் பறக்கவிடுங்கள். கையால் செய்து ஏவுவதற்கு, போத்தலில் அடைத்த காற்றின் அமுக்கத்தால் நீரைப் பீய்ச்சி எழும் நீர் ரொக்கெட் இருக்கிறது. அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உயர்வலு ரொக்கெட்டுக்குரிய உறுதிநிலைக் கணக்கும் மீட்புக் கணக்கும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: எங்கள் மாணவர்கள் குளிர்பானப் போத்தலில் செய்யும் நீர் ரொக்கெட்டுகள் பத்து மீற்றர் ஏறியதும் குட்டிக்கரணம் அடித்து விழுகின்றன. செட்டைகளைப் பெரிதாக்கினோம், ஓரளவே திருந்தின. காரணம் என்ன?
(விஞ்ஞான ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே பல நாள் காத்திருந்தேன், ஆசிரியை அவர்களே. பறக்கும் ரொக்கெட்டில் இரண்டு புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். எடை முழுவதும் ஒன்றுசேர்ந்து தாக்குவதாகக் கொள்ளப்படும் புவியீர்ப்பு மையம் ஒன்று. காற்றின் பக்கவிசைகள் ஒன்றுசேர்ந்து தாக்கும் அமுக்க மையம் மற்றொன்று. புவியீர்ப்பு மையம் மூக்குப் பக்கமாக முன்னே இருந்தால், ரொக்கெட் சற்றுச் சாய்ந்தவுடன் காற்றே வாலைத் தள்ளி அதை நேராக்கிவிடும். பின்னே இருந்தால் அதே காற்று சாய்வை மேலும் கூட்டிப் புரட்டிவிடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது உடலின் ஒரு விட்டமளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பது நெடுநாள் அனுபவத்தில் உறுதியான விதி. ஒன்றரை லீற்றர் போத்தலுக்கு அது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர்.

செட்டையைப் பெரிதாக்கியபோது அமுக்க மையம் பின்னே போனது உண்மைதான். ஆனால் செட்டையின் எடையும் வாலிலேயே சேர்ந்ததால் புவியீர்ப்பு மையமும் கூடவே பின்னே போயிருக்கும். ஓரளவே திருந்தியதற்குக் காரணம் இதுதான். மூக்குக் கூம்புக்குள் 50 கிராம் களிமண்ணை அப்பிப் பாருங்கள். என் மாணவர்களுடன் முதன்முதலில் ஏவிய ஐந்தில் நான்கு புரண்டு விழுந்தன. அன்று மாலையே குளத்தங்கரைக் களிமண்ணை அள்ளி மூக்கில் வைத்தபின் நான்கும் நேராக ஏறின. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

அமுக்க மையத்தைக் கண்டறிய ஜேம்ஸ் பாரோமன் 1960களில் வகுத்த சமன்பாடுகள் உண்டு. வகுப்பறைக்கு அதைவிட எளிய வழி, ரொக்கெட்டின் பக்கத்தோற்றத்தை மட்டையில் வெட்டி, அது விரல்நுனியில் சமநிலை கொள்ளும் இடத்தைப் பார்ப்பது. இப்படிக் கிடைக்கும் புள்ளி உண்மையான அமுக்க மையத்தைவிடச் சற்று முன்னே அமைவதால், அதை நம்பிக் கட்டினால் பிழை பாதுகாப்பின் பக்கமே நிற்கும். ஏவுவதற்கு முன் நீரில்லாத ரொக்கெட்டை அதன் புவியீர்ப்பு மையத்தில் கயிற்றால் கட்டி, மைதானத்தில் தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் ஏவலாம். பக்கவாட்டிலோ வால் முன்னாகவோ சுற்றினால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

நீர் மூன்றில் ஒரு பங்கும், அமுக்கம் பம்பின் மானியில் 60 பி.எஸ்.ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல்) மேற்படாமலும் இருக்கட்டும். கீறல் விழுந்த போத்தலைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். காற்றடைத்த போத்தலுக்கு மேலாக எவரும் குனியக் கூடாது. நீண்ட கயிற்றை இழுத்தே, போத்தலைப் பிடித்திருக்கும் பூட்டை விடுவிக்க வேண்டும். வெறும் எடை 150 கிராம் என்றால், 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பொலித்தீன் பரசூட் அதைச் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் இறக்கிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் நீர் ரொக்கெட்டை ஏவ எந்த நேரம் நல்லது?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: கடற்காற்று எழுவதற்கு முந்திய காலை ஏழு, எட்டு மணி. பாடசாலை மைதானமே போதும். நீர் ரொக்கெட்டானாலும் அதிபருக்கும் அயல்வீட்டாருக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தை அண்டிய பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பிடி மணலைத் தூவி, அது சாயும் திசையைப் பார்த்துப் பிள்ளைகளை அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கவையுங்கள்.