ஏவுகணை தன் இலக்கை அறிந்துகொள்கிறதா, வெறுமனே பின்தொடர்கிறதா?

கேள்வி இதுதான்: கைபேசிகூட முகத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும் இந்தக் காலத்தில், ஓர் ஏவுகணை கேமரா வழியாகத் தன் இலக்கைத் தானே அடையாளம் காண்பதில் அப்படி என்ன சிரமம் இருக்கிறது?

நான் ஏவுகணைத் துறையில் பணியாற்றியவன் அல்லன். ஒரு பொறியியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படச்செயலாக்கம் கற்பித்து வருகிறேன். இந்தத் துறையின் வரலாறு வெளிப்படையாகக் கிடைக்கும் அளவுக்கு அதைத் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். அந்தத் தகுதியில் மட்டுமே இந்தப் பதிலை எழுதுகிறேன். 'பார்ப்பது', 'பின்தொடர்வது', 'இன்னதென்று அறிவது' என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது என்பது என் எண்ணம். முதல் இரண்டையும் இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. மூன்றாவதைப் பெரும்பாலான ஆயுதங்களில் இன்றுவரை மனிதனே செய்து கொடுக்கிறான்.

எங்கள் ஆய்வகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தை மாடியிலிருந்து காலை ஒன்பது மணிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்வோம். அதிலிருந்து நுழைவாயில் பகுதியை மட்டும் சிறு சதுரமாக வெட்டி எடுத்து, மாலை நான்கரை மணிக்கு எடுத்த இன்னொரு படத்தின் மேல் அதை நகர்த்தி நகர்த்தி, எந்த இடத்தில் ஒட்டுறவு மதிப்பு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) மிக அதிகமாக வருகிறதோ அந்த இடத்தைக் குறிக்கச் சொல்வோம். ஒருமுறை ஒரு மாணவியின் நிரல் நுழைவாயிலை விட்டுவிட்டு, ஐம்பது அடி தள்ளியிருந்த சைக்கிள் ஷெட்டின் கூரையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. நிரலில் பிழை இருக்கிறது என்று அந்தப் பெண் இரண்டு மணி நேரம் வரிவரியாகத் தேடினார். பிழை எதுவும் இல்லை. காலையில் வாசலுக்கு மேலிருந்த சன்ஷேடின் நிழல் சுவரில் ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்திருந்தது; மாலையில் அந்தப் பட்டை அங்கே இல்லை, அதே அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை ஷெட்டின் அடியில் இருந்தது. நிரலுக்கு வாசலும் தெரியாது, ஷெட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புப் பட்டை மட்டும்தான். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதிக்கு, இந்தச் சிக்கலை முதன்முதலில் நேர்மையாக எதிர்கொண்டவர்களில் ஒருவர் மின்னணுப் பொறியாளரே அல்லர் என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, 'பெலிக்கன்' எனப்பட்ட சறுக்குக் குண்டின் (எஞ்சின் இல்லாமல் இறக்கையால் சறுக்கிச் செல்லும் குண்டு) மூக்கில் புறாக்களை அமர்த்தி அவற்றையே வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம் என்றார். வில்லை (லென்ஸ்) ஒன்று எதிரே தெரியும் காட்சியைத் திரையில் விழச்செய்யும். இலக்கின் உருவத்தைக் கொத்தினால் தானியம் கிடைக்கும் என்று பழக்கப்பட்ட புறா அதையே விடாமல் கொத்தும். கொத்து விழும் இடம் நடுவிலிருந்து விலகினால் குண்டின் திசை திருத்தப்படும். ஒரு புறா தவறினாலும் மற்ற இரண்டின் பெரும்பான்மை சரிசெய்துவிடும் என்று மூன்று புறாக்கள். மினியாபொலிஸ் நகரில் இருந்த ஜெனரல் மில்ஸ் என்னும் மாவு நிறுவனத்தின் துணையோடு, 25,000 டாலர் அரசு நிதியில் 1943-இல் நடந்த இந்த ஆய்வு, 1944 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2024-இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் 'இக் நோபல்' பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். எனக்கு இதில் சிரிப்பைவிட வியப்பே அதிகம். இலக்கைப் பார்க்கும் கண்ணும், பின்னணியிலிருந்து அதைப் பிரித்தறியும் மூளையும் ஒருங்கே தேவை என்பதையும், அன்றைய மின்னணுவியலால் அந்த மூளையைத் தர முடியாது என்பதையும் அவர் சரியாகவே கணித்திருந்தார்.

போருக்குப் பிறகு வந்த பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள்: மூளையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் செய்தார்கள். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் சைனா லேக் என்ற இடத்திலிருந்த கடற்படை ஆய்வு நிலையத்தில் உருவான சைட்வைண்டர் ஏவுகணை, வெப்பமான புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே போனது. தொடக்கக் காலச் சைட்வைண்டர்கள் எதிரி விமானத்தை விட்டுவிட்டுச் சூரியனைத் துரத்தியதும் உண்டு. அதன் அறிவு அவ்வளவுதான்.

அதே சைனா லேக்கில் 1960-களில் உருவான வால்ஐ என்ற சறுக்குக் குண்டு இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி; அதில் வேலைப் பங்கீடு அவ்வளவு தெளிவாகத் தெரியும். குண்டின் மூக்கில் ஒரு தொலைக்காட்சிக் கேமரா. விமானியின் முன்னால் ஒரு சிறு திரை. விமானி திரையில் பார்த்து, 'இதுதான் நான் அடிக்க வேண்டிய கட்டடம், இதன் இந்த மூலை' என்று குறுக்குக் கோட்டை அதன் மேல் வைத்துக் குண்டை விடுவிப்பார். அதன் பிறகு குண்டு செய்வதெல்லாம், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் அந்த விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு போவதுதான். வெள்ளைச் சுவரில் கறுப்பாகத் தெரியும் ஜன்னல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். காட்டுக்குள் பச்சை வண்ணம் பூசிய வாகனம் என்றால் திண்டாட்டம். விளிம்பு மங்கினால் பக்கத்திலிருக்கும் வேறொரு விளிம்புக்குத் தாவிவிடும். தாவியதே அதற்குத் தெரியாது. 1967-இல் வியட்நாம் போரில் இது பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம், வடக்கு வியட்நாமில் இருந்த 'தான் ஹோவா' என்ற பாலத்தின் மீது மூன்று வால்ஐ குண்டுகள் குறிதவறாமல் விழுந்தும் பாலம் விழவில்லை. அது வெடிமருந்தின் போதாமை, குறியில் குறையில்லை. அந்தப் பாலம் 1972-இல்தான் வீழ்ந்தது, அதுவும் பெரும்பாலும் லேசர் வழிகாட்டிய குண்டுகளால். அங்கேயும் லேசர் ஒளியை எந்தத் தூணின் மீது பாய்ச்சுவது என்று முடிவு செய்தது ஒரு மனிதக் கண்தான்.

அடுத்ததாக வந்த டோமஹாக் என்ற நெடுந்தூரக் குரூஸ் ஏவுகணையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் 288 டோமஹாக்குகள் ஏவப்பட்டன. அவை தெருவைப் பார்த்துத் திரும்பி, கட்டடத்தைப் பார்த்து அறிந்து தாக்கின என்று அன்றைய செய்திகளைப் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். உண்மையில் நடந்தது வேறு. பறக்கப் பறக்க ஏவுகணையின் உள்கருவிகள் கணக்கிடும் இருப்பிடத்தில் சிறுகச் சிறுகப் பிழை சேரும். வழியில் குன்றுகளின் ஏற்ற இறக்கத்தை ரேடார் உயரமானியால் அளந்து, நினைவில் இருக்கும் நில வரைபடத்தோடு ஒப்பிட்டு அந்தப் பிழையை அது குறைத்துக்கொள்ளும். இலக்கை நெருங்கும்போது, அடிவயிற்றில் இருக்கும் கேமரா கீழேயுள்ள நிலத்தைப் படமெடுக்கும். இரவென்றால் மின்னொளி வீசி எடுக்கும். அந்தப் படம், சுற்றுப்புறச் சராசரியைவிட வெளிச்சமான புள்ளி வெள்ளை, இருண்ட புள்ளி கறுப்பு என்று இரண்டே நிறங்களுக்குச் சுருக்கப்படும். முன்பே வான்படங்களிலிருந்து தயாரித்து வைத்த அதேபோன்ற கறுப்பு-வெள்ளை வரைபடத்தின் மேல் அதை நகர்த்திப் பார்த்து, பொருந்தும் இடம் கண்டுபிடிக்கப்படும். ஒரு படத்தை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த படங்களின் முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கப்படும். எங்கள் மாணவி செய்த அதே பயிற்சிதான், இன்னும் எவ்வளவோ கவனத்தோடு.

இந்த முறையில் ஏவுகணை தன் இலக்கைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். தான் எங்கே இருக்கிறேன் என்பதைத்தான் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. இலக்கு என்பது அதற்கு ஒரு வரைபடப் புள்ளி. அந்தப் புள்ளியில் ஆயுதக் கிடங்கு இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் தயாரித்தவரின் பொறுப்பு. நிழல் மாறும், பனி பெய்யும், வயல் அறுவடையாகும், முந்தைய நாள் குண்டுவீச்சில் அடையாளக் கட்டடமே இல்லாமல் போகும். ஆகவே எந்தக் காட்சி எல்லா வேளையிலும் ஒரே மாதிரி தெரியும் என்று தேர்ந்தெடுப்பதே தனி வேலையாக இருந்தது. 1999 மே மாதம் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவை செயற்கைக்கோள் வழிகாட்டிய குண்டுகள், கேமரா கிடையாது. ஆனாலும் பாடம் அதேதான். குறி துல்லியமாக இருந்தது, வேறொரு அலுவலகம் என்று நினைத்துக் குறித்த இடம்தான் தவறு.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அப்துல் கலாமின் தலைமையில் 1983-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் பிறந்த நாக் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. அகச்சிவப்புப் படம் எடுக்கும் சீக்கர் அதன் கண். ஏவுவதற்கு முன் வீரர் இலக்கைக் கண்டு 'லாக்' செய்துவிட்டால், பிறகு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. அதுவே பின்தொடர்ந்து போய்விடும். 2010-களின் தொடக்கத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் கோடைக்காலத்தில் சோதித்தபோது இந்தக் கண் தடுமாறியது. அகச்சிவப்புக் கேமராவுக்கு நிறம் கிடையாது; சூட்டில் இருக்கும் வேறுபாடு ஒன்றுதான் அதற்கு உருவம். குளிர்காலக் காலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் டாங்கி, குளிர்ந்த மணலில் விளக்கைப் போலத் தெரியும். மே மாதத்து நண்பகலிலோ மணலும் இரும்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதிக்கும். அப்போது டாங்கி மணலோடு மணலாகக் கரைந்துவிடும். குளிர்ந்த வேளையில் எட்டிய தூரத்தை வெயிலில் எட்ட முடியாமல் போனதற்கு இதுவே காரணம். இன்னும் நுண்மையான வெப்ப வேறுபாட்டைக் காணக்கூடிய சீக்கரைப் பொருத்தி, 2017-இல் மீண்டும் பாலைவனத்தில் சோதித்தார்கள். 2020 அக்டோபரில் பொக்ரானில் இறுதிச் சோதனை முடிந்தது. தொடங்கி முடிக்க 37 ஆண்டுகள். தாமதம் என்று திட்டியவர்கள் பலர். அதில் நிர்வாகத்தின் பங்கும் இருந்திருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரையையும் தரையையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீக்கரின் சங்கடம் கொஞ்சமாவது புரியும்.

இன்று நிலைமை மாறவில்லையா என்று கேட்டால், மாறியிருக்கிறது. ஐரோப்பியர்களின் ஸ்டார்ம் ஷேடோ என்ற குரூஸ் ஏவுகணை கடைசிக் கட்டத்தில் மூக்கு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அகச்சிவப்புக் கேமராவால் தன் இலக்கையே பார்த்து, நினைவிலிருக்கும் உருவத்தோடு ஒப்பிடுகிறது. நார்வேயின் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, எதிரே தெரிவது எந்த வகைக் கப்பல் என்று தன் தொகுப்போடு ஒப்பிட்டுப் பிரித்தறிகிறது. கடலில் இது ஓரளவு சுலபம்: பின்னணி வெறும் நீர், கப்பல் பெரிது, உருவ வகைகள் எண்ணக்கூடியவை. நிலத்தில் அப்படியில்லை. உங்கள் கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள்: முகம் உங்களுடையது, கேமராவின் முன்னால் ஒரு முழம் தூரத்தில் நீங்களே கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள், திறக்காவிட்டால் சலித்துக்கொண்டு இன்னொரு முறை காட்டுகிறீர்கள். போர்க்களத்திலோ எதிரில் இருப்பவர் இலைதழையால் மூடுவார், புகை விடுவார், ரப்பரால் செய்து காற்றடைத்த பொம்மை டாங்கியை நிறுத்தி வைப்பார். இரண்டாம் முறை காட்டும் வாய்ப்பும் கிடையாது. ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் ஆழ்கற்றல் முறைகள், பயிற்சிப் படங்களில் கண்டதை வியக்கத்தக்க அளவில் கண்டுபிடிக்கின்றன. காணாததைக் கண்டால் 'தெரியவில்லை' என்று சொல்வதற்குப் பதிலாக, தெரிந்த பெயர்களில் ஒன்றைத் தைரியமாகச் சொல்லிவிடுகின்றன. டிராக்டரை டாங்கி என்று 90 விழுக்காடு உறுதியோடு சொல்லும் நிரலை என் மாணவர்கள் எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி முடிவையும் இயந்திரத்திடம் கொடுக்கலாமா என்பதுதான் இப்போது உலகம் விவாதிப்பது. தன்னியக்கக் கொலை ஆயுதங்கள் குறித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 2023 டிசம்பரில் 152 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை நான்கு, அவற்றில் இந்தியாவும் ஒன்று. நம் அரசின் வாதம் எனக்குப் புரிகிறது: ஜெனீவாவில் ஏற்கெனவே இதற்கென்று ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்போது இன்னொரு களம் எதற்கு என்பது அது. இருந்தாலும், சைக்கிள் ஷெட்டை வாசல் என்று உறுதியாகச் சொன்ன நிரலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த வாக்கில் நான் பெரும்பான்மையின் பக்கம்.

அந்த மாணவி பிறகு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். காலையிலும் நண்பகலிலும் மாலையிலுமாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, எல்லாவற்றிலும் மாறாமல் இருந்த விளிம்புகளை மட்டும் வைத்து ஒரு புதிய மாதிரிப் படம் செய்தார். நிரல் வாசலைச் சரியாகப் பிடித்தது. அடுத்த மாதம் ஆண்டு விழாவுக்காக வாசலில் பந்தல் போட்டார்கள். மறுபடியும் சைக்கிள் ஷெட்.