இனப் பாகுபாடு கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பாதிக்குமா?

இனப் பாகுபாடு என்பது நிறத்தையோ இனத்தையோ பார்த்து ஒருவரைத் தாழ்வாக நடத்துவது. சிங்கப்பூரில் வாடகை வீடு தேடி, ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருக்கென்ற வலி தெரியும். அது மனசோடு நிற்பதில்லை. திரும்பத் திரும்ப நடந்தால், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஓயாமல் சுரந்து, ரத்த அழுத்தமும் உடலுக்குள் அழற்சியும் கூடலாம். நாள் முழுக்கச் சிம்மிலேயே கிடக்கும் பாத்திரம் அடிப்பிடிப்பது போல. இதனால் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகவோ, குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கவோ வாய்ப்பு கூடுகிறது.

அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின், அங்குள்ள அரபு மக்கள்மீது வெறுப்பு பெருகியது. அடுத்த ஆறு மாதங்களில், அந்நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அரபுப் பெயருள்ள தாய்மார்களிடம் இந்த இரண்டுமே முந்தைய ஆண்டைவிட அதிகரித்தன. மற்றப் பிரிவினரிடம் அந்த உயர்வு இல்லை. இப்படிப் பிரசவத்தில் இனத்துக்கு இனம் தெரியும் வித்தியாசம் ‘எல்லாம் பரம்பரைதான்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது.